வருமான வரி விகிதத்தைக் கூட்டினால் கஜானாவுக்கு எவ்வளவு வரும்? நீங்களே போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு பிப்ரவரி 1 அன்றும் பட்ஜெட் உரை முடிந்த கையோடு ஒரு விவாதம் தொடங்கிவிடும். “பணக்காரர்களுக்கு வரியைக் கொஞ்சம் கூட்டினால் போதும், எல்லாத் திட்டத்துக்கும் காசு வந்துவிடும்” என்பார் ஒருவர். “கூட்டினால் எல்லாரும் துபாய்க்குப் போய்விடுவார்கள், ஒரு பைசா வராது” என்பார் இன்னொருவர். இருவருமே கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

போட்டவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் போடுகிறார்கள்: 2025-26 பட்ஜெட்டில் தனிநபர் வருமான வரி மதிப்பீடு 14.38 லட்சம் கோடி ரூபாய். உச்ச விகிதம் 30%. அதை 33% ஆக்கினால் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே 1.44 லட்சம் கோடி கூடுதல் வருவாய்.

இது தவறு. எங்கே தவறு என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்த்துவிடலாம். புதிய வரிமுறையில் வரிக்குட்பட்ட வருமானம் 30 லட்சம் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 24 லட்சத்துக்கு, 5%, 10%, 15%, 20%, 25% என்று படிப்படியாக ஏறி, அவர் கட்டுவது 3 லட்சம். மிச்சமுள்ள 6 லட்சத்துக்கு 30%, அதாவது 1.8 லட்சம். செஸ் (கட்டும் வரியின் மேல் சில சதவீதம் கூடுதலாகப் போடும் வரி) நீங்கலாக மொத்தம் 4.8 லட்சம். 30% என்பது 33% ஆனால் அவருக்குக் கூடுவது 6 லட்சத்தில் 3%, வெறும் 18,000 ரூபாய். அவர் கட்டும் வரி 10% கூடவில்லை, 3.75% தான் கூடுகிறது. 20 லட்சம் வருமானக்காரருக்கு ஒன்றுமே கூடவில்லை. ஒரு கோடிக்காரருக்குத்தான் 9 சதவீதத்தை நெருங்குகிறது.

கணக்கை முறையாகப் போடுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். பள்ளிக் கணக்கும், லாக் பொத்தான் உள்ள கால்குலேட்டரும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: லட்சம், கோடி, லட்சம் கோடி என்று பூஜ்யங்கள் வழுக்கும். நான் முதன்முதலில் போட்ட கணக்கில் பத்து மடங்கு பிழை. நண்பர் ஒருவர் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

படி 1: எது மாறுகிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

“வரி கூடுகிறது” என்பது போதாது. இந்தியாவில் அதற்குக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு: ஸ்லாப் (வருமான அடுக்கு) விகிதத்தைக் கூட்டலாம், ஸ்லாப் வரம்பைக் கீழே இறக்கலாம், சர்சார்ஜ் போடலாம், செஸ் போடலாம். நான்குக்கும் கணக்கு வேறு.

இருப்பதிலேயே எளியது செஸ். 2018 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி 3% செஸ்ஸை 4% ஆக்கினார். கூடுதலாக 11,000 கோடி வரும் என்று உரையிலேயே சொன்னார். அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும்? அந்த ஆண்டு கம்பெனி வரி, வருமான வரி இரண்டுக்குமான பட்ஜெட் மதிப்பீடு சேர்ந்து 11.5 லட்சம் கோடி. அதற்குள் செஸ்ஸும் அடக்கம். ஆகவே 1.04 ஆல் வகுத்தால் அடிப்படை வரி சுமார் 11.06 லட்சம் கோடி. அதில் ஒரு சதவீதம் சுமார் 11,060 கோடி. அமைச்சர் சொன்ன எண்ணை ஒரே வகுத்தலில் தொட்டுவிட்டோம். எல்லார் மேலும் சமமாக விழும் சின்ன மாற்றம், யாரும் அதற்காக வருமானத்தை மறைக்கப் போவதில்லை. அதனால்தான் இவ்வளவு சுலபம்.

சர்சார்ஜ் இப்படி அடங்காது. அது வரி மேல் போடும் வரி. 30% ஸ்லாப், இரண்டு கோடிக்கு மேல் வருமானம் இருந்தால் 25% சர்சார்ஜ், அதன் மேல் 4% செஸ். 30 × 1.25 × 1.04 = 39%. அந்த 30% ஐ 35% ஆக்கினால் இவருக்கு உண்மையில் 45.5% ஆகிறது. பேச்சில் 5 புள்ளி, கையில் 6.5 புள்ளி. இதை விட்டுவிட்டு எத்தனையோ கணக்குகள் உலவுகின்றன.

இன்னொன்று: ஸ்லாப் விகிதம் வரம்புக்கு மேலுள்ள பணத்துக்கு மட்டும். சர்சார்ஜோ வரம்பைத் தாண்டியவரின் மொத்த வரி மேலும் விழும். 50 லட்சம் வருமானத்துக்குப் புதிய முறையில் வரி 10.8 லட்சம். வருமானம் 50 லட்சத்துப் பத்தாயிரம் ஆனால், 10% சர்சார்ஜ் சேர்ந்து 11.9 லட்சத்தைத் தாண்ட வேண்டும். பத்தாயிரம் சம்பாதித்து ஒரு லட்சத்துக்கு மேல் கட்டும் அநியாயம் நடக்காமல் இருக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப். கூடுகிற வரி கூடுகிற வருமானத்தைத் தாண்டாது. வரம்பை ஒட்டி நிற்பவர்களிடம் அரசுக்கு முழு சர்சார்ஜ் கிடைக்காது என்பதைக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வரம்புக்கு மேல் எத்தனை பேர், எவ்வளவு பணம்

முழுக் கணக்கின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. வருமான வரித்துறை ரிட்டர்ன்களை வருமான அடுக்கு வாரியாகப் பிரித்துப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. சில சமயம் பட்ஜெட் உரையிலேயே கிடைக்கும். 2013-ல் ஒரு கோடிக்கு மேல் வருமானம் காட்டியவர்கள் வெறும் 42,800 பேர் என்று ப.சிதம்பரம் நாடாளுமன்றத்தில் சொன்னார். எண்ணைத் திருப்பி இரண்டு முறை சொன்னார். அவர்கள் மேல் 10% சர்சார்ஜ் போட்டது அந்த பட்ஜெட்தான்.

2017 உரை நமக்கு இன்னும் உதவும். 2015-16-ல் ரிட்டர்ன் போட்டவர்களில் 10 லட்சத்துக்கு மேல் காட்டியவர்கள் 24 லட்சம் பேர், 50 லட்சத்துக்கு மேல் 1.72 லட்சம் பேர் என்றார் ஜெட்லி. 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருப்பவர்களுக்குப் புதிதாக 10% சர்சார்ஜ் போட்டு, 2,700 கோடி வரும் என்றார். உரையில் இருந்த இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து 2,700 கோடியை நாமே எட்ட முடியுமா, பார்ப்போம்.

மேல்தட்டு வருமானம் ஓர் ஒழுங்கில் குறைந்துகொண்டே போகும் என்பதை இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தார். வரம்பை இரு மடங்காக்கினால் ஆட்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைவார்கள். அடுத்த மடங்குக்கும் ஏறக்குறைய அதே விகிதம். அந்த விகிதத்தைச் சொல்லும் எண்ணைப் பரேட்டோ எண் என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பது சுலபம்:

24 லட்சத்தை 1.72 லட்சத்தால் வகுத்தால் 13.95. அதன் லாக் 1.145.
50 லட்சத்தை 10 லட்சத்தால் வகுத்தால் 5. அதன் லாக் 0.699.
முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.64.

இந்த 1.64 கையில் வந்ததும் மற்றவை தானாக வரும்.

ஒரு கோடிக்கு மேல் எத்தனை பேர்? வரம்பு இரட்டிப்பு. 2-ன் அடுக்கு 1.64 என்பது 3.12. ஆகவே 1.72 லட்சத்தை 3.12-ஆல் வகுக்க, 55,000 பேர். அவர்களைக் கழித்தால் 50 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவில் 1.17 லட்சம் பேர்.

அவர்கள் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறார்கள்? ஒரு வரம்புக்கு மேலிருப்போரின் சராசரி வருமானம், அந்த வரம்பை 1.64 / 0.64, அதாவது 2.56 ஆல் பெருக்கினால் வரும். 50 லட்சத்துக்கு மேலுள்ள 1.72 லட்சம் பேருக்குச் சராசரி 1.28 கோடி, மொத்தம் 2.2 லட்சம் கோடி. ஒரு கோடிக்கு மேலுள்ள 55,000 பேருக்குச் சராசரி 2.56 கோடி, மொத்தம் 1.41 லட்சம் கோடி. வித்தியாசம் 0.79 லட்சம் கோடி. அதை 1.17 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 67.5 லட்சம். நடுப்புள்ளி என்று 75 லட்சத்தைப் போடத்தான் கை போகும். ஆனால் கூட்டம் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் அதிகம்.

2017-18 விகிதப்படி 67.5 லட்சத்துக்கு வரி 18.4 லட்சம். அதில் 10% சர்சார்ஜ் 1.84 லட்சம். 1.17 லட்சம் பேரால் பெருக்கினால் 2,150 கோடி. அன்றைய 3% செஸ்ஸும் சேர்த்தால் சுமார் 2,215 கோடி.

அமைச்சர் சொன்னது 2,700. இடைவெளி எங்கே என்றால், அடுத்த படியில்.

படி 3: பழைய எண்ணை வரி விழும் ஆண்டுக்குக் கொண்டுவாருங்கள்

2015-16-ல் போட்ட ரிட்டர்ன் என்பது 2014-15-ல் சம்பாதித்த வருமானம். சர்சார்ஜ் விழுந்ததோ 2017-18 வருமானத்தின் மேல். மூன்று ஆண்டு இடைவெளி. அதற்குள் வருமானம் வளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். வருமானம் 10% வளர்ந்தால், நகராத வரம்புக்கு மேலுள்ள ஆட்கள் 10% மட்டும் கூடுவதில்லை, அதைவிட அதிகம் கூடுகிறார்கள். 46 லட்சத்தில் இருந்தவர் 50-ஐத் தாண்டிவிடுகிறார் அல்லவா? வளர்ச்சியைப் பரேட்டோ எண்ணின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

ஆண்டுக்கு 4% வளர்ச்சி என்றால் மூன்றாண்டில் 1.125 மடங்கு. அதன் அடுக்கு 1.64 எடுத்தால் 1.21. 2,215 கோடி 2,690 கோடி ஆகிறது. அமைச்சரின் எண் வந்துவிட்டது! ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆண்டுக்கு 10% என்று வைத்தால் 1.33 மடங்கு, அடுக்கு எடுத்தால் 1.6. விடை 3,540 கோடி. ஒரே சூத்திரம், ஒரே ஆட்கள். வளர்ச்சி பற்றிய ஓர் அனுமானம் மாறியதும் 850 கோடி வித்தியாசம். அமைச்சகம் அடக்கமாகக் கணக்கிட்டிருக்கலாம், அல்லது பிற்பாடு பார்க்கப்போகும் கசிவுகளைக் கழித்திருக்கலாம். எப்படியானாலும், உரைகளில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு வளர்ச்சி அனுமானம் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

படி 4: இரண்டு மாற்றம் சேர்ந்து வந்தால் வரிசை முக்கியம்

இதற்கு இலங்கையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2020 முதல் அங்கே ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதன் மேல் முதல் 30 லட்சத்துக்கு 6%, அடுத்த 30 லட்சத்துக்கு 12%, மிச்சத்துக்கு 18%. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2023 ஜனவரி 1 முதல் வரியில்லா வரம்பை 12 லட்சத்துக்கு இறக்கினார்கள். அதற்கு மேல் ஐந்தைந்து லட்சத்துக்கு 6, 12, 18, 24, 30 என்று ஏறி 36% வரை போனது.

மாதம் 2 லட்சம் வாங்கும் ஒருவர். ஆண்டுக்கு 24 லட்சம். முன்பு வரி பூஜ்யம். மாற்றத்துக்குப் பிறகு, வரம்புக்கு மேலுள்ள 12 லட்சத்துக்கு வரி: 30,000 + 60,000 + 36,000 = 1,26,000. மாதம் 10,500.

இதில் வரம்பை இறக்கியதால் வந்தது எவ்வளவு, விகிதத்தைக் கூட்டியதால் வந்தது எவ்வளவு? முதலில் வரம்பை மட்டும் இறக்குங்கள்: 12 லட்சத்துக்குப் பழைய 6%, அதாவது 72,000. பிறகு விகிதம் கூடியதால் 54,000. இப்போது வரிசையை மாற்றுங்கள். வரம்பு 30 லட்சத்திலேயே இருக்க விகிதத்தை மட்டும் கூட்டினால் இவரிடமிருந்து வருவது பூஜ்யம். பிறகு வரம்பை இறக்கினால் 1,26,000. விகித உயர்வின் பலன் 54,000 என்பவரும் சரி, பூஜ்யம் என்பவரும் சரி! எந்த வரிசையில் போட்டீர்கள் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

படி 5: ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள்

இதுவரை போட்டது, வரி கூடினாலும் எல்லாரும் முன்போலவே சம்பாதித்து முன்போலவே கணக்குக் காட்டுவார்கள் என்ற நேர்க் கணக்கு. அப்படி நடப்பதில்லை. எவ்வளவு மாறுவார்கள் என்பதற்கு உலகத்திலேயே நன்றாக அலசப்பட்ட பரிசோதனை ஒன்று பிரிட்டனில் நடந்தது.

2010 ஏப்ரலில் அங்கே 1,50,000 பவுண்டுக்கு மேலான வருமானத்துக்கு 40% ஆக இருந்த விகிதம் 50% ஆனது. மூன்றே ஆண்டு. 2013 ஏப்ரலில் 45% ஆக இறங்கியது. இறக்குவதற்கு முன், 2012 மார்ச்சில் அந்நாட்டு வரித்துறை ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது.

அதன் மையத்தில் இருப்பது நெகிழ்ச்சி என்ற எண். நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் வரி போகக் கையில் நிற்பது 60 ரூபாயிலிருந்து 50 ஆனது. அதாவது 16.7% குறைவு. கையில் நிற்பது ஒரு சதவீதம் குறைந்தால் காட்டும் வருமானம் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதே நெகிழ்ச்சி. வரியைக் கொண்டுவந்தபோது பிரிட்டிஷ் நிதித்துறை 0.35 என்று வைத்துக் கணக்கிட்டது. 2012-ல் அந்த வரித்துறை தரவுகளைப் பார்த்து 0.45 என்றது.

ஒரே ஒரு 0.1 தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 3,00,000 பவுண்டு சம்பாதிப்பவரை வைத்துப் பாருங்கள்.

நேர்க் கணக்கு: வரம்புக்கு மேலுள்ள 1,50,000-ல் 10%, அதாவது 15,000 பவுண்டு கூடுதல்.
நெகிழ்ச்சி 0.35 என்றால் வருமானம் 5.8% குறைகிறது, 17,500 பவுண்டு. அதற்கு வந்திருக்க வேண்டிய 50% வரி, 8,750, போச்சு. நிகரம் 6,250.
0.45 என்றால் வருமானம் 22,500 குறைகிறது. இழப்பு 11,250. நிகரம் 3,750.
0.6 என்றால் 30,000 குறைகிறது. இழப்பு 15,000. நிகரம் பூஜ்யம்.

கவனியுங்கள்: கூடிய வரி வரம்புக்கு மேலுள்ள பணத்தில் மட்டும், அதுவும் 10 புள்ளி. குறைந்த வருமானத்திலோ முழு 50 புள்ளியும் போகிறது. சின்ன ஓட்டை பெரிய ஒழுக்காவது இதனால்தான். தேசியக் காப்பீட்டுத் தொகை, வாட் இவற்றையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். 50-லிருந்து 45-க்கு இறக்குவதால் நேர்க் கணக்கில் ஏறக்குறைய 300 கோடி பவுண்டு இழப்பு. நடத்தை மாற்றத்தையும் சேர்த்த பிறகு அரசு அறிவித்த இழப்பு 10 கோடி பவுண்டு மட்டும்.

அந்த 10 கோடியை நான் அப்படியே நம்பமாட்டேன். அதற்கு அடிப்படை ஒரே ஓர் ஆண்டுத் தரவு, அந்த ஓராண்டும் கலங்கிப்போன ஆண்டு. காரணம் படி 7-ல் வரும். ஆனால் முறையை நம்பலாம்.

விகிதம் ஏற ஏற ஒரு புள்ளியின் எடையும் கூடும். 1973-74-ல் இந்தியாவில் உச்ச விகிதம் சர்சார்ஜோடு 97.75%. நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். 77% ஆக இறக்கியதும் 23 ரூபாய் நின்றது, பத்து மடங்கு. வரி ஏய்ப்புக்கு முதல் காரணமே உயர்ந்த விகிதம்தான் என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு சொன்னது அந்தக் காலத்தில்தான். 30-லிருந்து 31-க்குப் போவதையும் 90-லிருந்து 91-க்குப் போவதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இன்றைய இந்தியாவில் வருமானம் எந்த வழியாக நழுவும் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு வழி குறைவு, டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடித்துக்கொள்ளும். தொழில் நடத்துபவர் லாபத்தைக் கம்பெனிக்குள் நிறுத்தலாம். 2019 முதல் கம்பெனிகளுக்கு 25.17% என்ற விகிதம் இருக்கிறது, 39%-க்கும் அதற்கும் தூரம் நிறைய. டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போதுதான் தனிநபர் வரி. பங்கு, சொத்து விற்ற லாபத்துக்குத் தனி விகிதம், ஆகவே வருமானத்தை மூலதன ஆதாயமாக உருமாற்றத் தூண்டும். விவசாய வருமானம் என்று காட்டினால் மத்திய வரியே இல்லை. புதிய முறையில் மட்டும் கூட்டினால் சிலர் பழைய முறைக்குத் திரும்புவார்கள்.

நினைக்காத ஆளைத் தாக்கும் ஆபத்தும் உண்டு. 2019 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 2 கோடிக்கு மேல் 25%, 5 கோடிக்கு மேல் 37% என்று சர்சார்ஜை ஏற்றினார். இலக்கு பெரும் பணக்காரர்கள். ஆனால் டிரஸ்ட் வடிவில் பதிவான வெளிநாட்டு முதலீட்டு நிதிகளும் தனிநபர் விகிதத்தில் வரி கட்டுபவை. அவையும் மாட்டின. பங்குச்சந்தை சரிந்தது. ஆகஸ்ட் 23 அன்று பங்கு ஆதாயத்துக்கு அந்த உயர்வு திரும்பப் பெறப்பட்டது. “தனிநபர்” என்ற சொல்லுக்குள் சட்டப்படி யார் யார் வருகிறார்கள் என்று படி 2-லேயே பார்த்திருக்க வேண்டும்.

படி 6: நேர்க் கணக்கையும் நடத்தையையும் சேர்த்துப் போடுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு கோடிக்கு மேலான வருமானத்துக்கு 30% என்பதை 35% ஆக்குகிறோம். அந்த வரம்புக்கு மேல் நிற்கும் பணம் ஒரு லட்சம் கோடி என்று வைத்துக்கொள்வோம். இது வசதிக்கான எண், புள்ளிவிவரம் அல்ல.

நேர்க் கணக்கு: 39%-லிருந்து 45.5%. ஒரு லட்சம் கோடியில் 6.5%, அதாவது 6,500 கோடி.

கையில் நிற்பது 61-லிருந்து 54.5, அதாவது 10.7% குறைவு. இந்தச் சரிவு வரம்புக்கு மேலுள்ள பணத்தில் மட்டுமல்ல, அந்த ஆட்களின் மொத்த வருமானத்தில் விழுகிறது. மொத்த வருமானம் எவ்வளவு? பரேட்டோ எண்ணே விடை: வரம்புக்கு மேலுள்ள பணத்தைப் போல 1.64 மடங்கு. ஆக 1,64,000 கோடி.

நெகிழ்ச்சி 0.2 என்றால் வருமானம் சுமார் 3,500 கோடி குறையும். 45.5% வீதம் இழப்பு 1,590 கோடி. நிகரம் 4,910 கோடி.
0.4 என்றால் இழப்பு 3,180. நிகரம் 3,320.
0.6 என்றால் இழப்பு 4,770. நிகரம் 1,730.

நழுவிய பணம் முழுதும் காற்றில் கரைவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். 0.4 கணக்கில் நழுவிய 7,000 கோடியில் பாதி கம்பெனிக்குள் போய் நின்றால், அங்கே 25.17% வரி, சுமார் 880 கோடி திரும்பி வரும். நிகரம் 4,200 கோடிக்கு ஏறுகிறது. அரசு அந்த ஓட்டைகளை அடைக்கச் சட்டம் போட்டால் நெகிழ்ச்சியே குறையும். நெகிழ்ச்சி இயற்கை விதி அல்ல, எத்தனை கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. துபாய் வாதம் செய்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

படி 7: எந்த ஆண்டில் வரும்

பிரிட்டனில் 50% வரி 2009 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். ஓராண்டு அவகாசம் கிடைத்ததும் முதலாளிகள் டிவிடெண்டையும் போனஸையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். 1,600 முதல் 1,800 கோடி பவுண்டு வருமானம் இப்படி 2009-10-க்கு நகர்ந்தது என்பது அந்த 2012 அறிக்கையின் மதிப்பீடு. அதனால் 2009-10 வீங்கியது, 2010-11 வற்றியது. இரண்டையும் ஒப்பிட்டு “வரி கூட்டியதால் வருமானம் சரிந்தது” என்றால் அது பாதி பொய். முதல் ஆண்டைத் தனியாக எழுதி, மூன்றாம் ஆண்டு எண்ணைத்தான் நிலையான விடையாகக் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் டிடிஎஸ் மாதாமாதம் வரும். முன்கூட்டிய வரி ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுதும். மிச்சம் மீதி ரிட்டர்ன் போடும்போது, அதாவது அடுத்த நிதியாண்டில்தான் வரும்.

படி 8: யாருடைய கஜானா

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. வருமான வரியை வசூலிப்பது மத்திய அரசு, ஆனால் அரசியல் சாசனத்தின் 270-ஆவது பிரிவுப்படி மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 15-ஆவது நிதிக்குழு 2021-26-க்குச் சொன்னது 41%. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%. பெருக்கினால் 1.67%. அடிப்படை விகிதத்தைக் கூட்டி 1,000 கோடி வந்தால், வசூல் செலவு போக, சென்னைக்கு வருவது 16 கோடி சொச்சம்.

அதே 1,000 கோடியைச் சர்சார்ஜாகவோ செஸ்ஸாகவோ வசூலித்தால்? அவை பங்கீட்டுக்கு வெளியே. சென்னைக்கு வருவது பூஜ்யம். மேலே பார்த்த 2013, 2017, 2018, 2019 உயர்வுகள் எல்லாமே சர்சார்ஜ் அல்லது செஸ். 30% என்ற அடிப்படை உச்ச விகிதம் 1997-ல் சிதம்பரம் வைத்த இடத்தைவிட்டு மேலே போகவே இல்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

படி 9: விடையை எழுதுவதும், பிறகு சரிபார்ப்பதும்

ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். நம் கற்பனைக் கணக்குக்கு நான் இப்படி எழுதுவேன்: “நேர்க் கணக்கில் 6,500 கோடி. நடத்தை மாற்றம் போக 1,700 முதல் 4,900 கோடி. கம்பெனி வழியைக் கணக்கில் எடுத்தால் நடு மதிப்பீடு 4,200 கோடி. முதல் ஆண்டில் இதைவிடக் குறையலாம்.” அனுமானங்களை அதன் கீழேயே எழுதுங்கள், மறுப்பவர் எந்த எண்ணை மறுக்கிறார் என்று தெரியவேண்டும்.

ஆண்டு முடிந்ததும் சரிபார்க்கும்போது சென்ற ஆண்டு வசூலோடு ஒப்பிட வேண்டாம். வரி மாறாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும், அந்த எண்ணை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 2018-ன் செஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 11.5 லட்சம் கோடி. நடுவில் 12 லட்சம் கோடி என்று திருத்தினார்கள். கடைசியில் வந்தது 11.4 லட்சம் கோடிக்கும் சற்றுக் குறைவு. இலக்குக்குக் கீழே முடிந்ததால் செஸ் 11,000 கோடியைத் தரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 11.4 லட்சம் கோடியை 1.04-ஆல் வகுத்துப் பாருங்கள், அதில் ஒரு சதவீதம் கிட்டத்தட்ட 10,960 கோடி வருகிறது.